பொய் ஈயும் நிஜப் புழுவும்

"பையைக் கவிழ்த்துடலாமா?" என்று பாதிரியார் குட்ப்ராண்ட் கேட்டபோது ஓஸ்முண்ட் தன் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் குடிலில் அது வழக்கம். மலையேறி வந்ததும் அவரவர் கொண்டுவந்த தீனியையெல்லாம் மேசையில் கொட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு உன்னுடையது என்னுடையது என்ற பேச்சே கிடையாது. இப்படி ஒரு வழக்கம் இருப்பதை யாரும் ஓஸ்முண்டிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தச் சிவப்புக் காப்பி டப்பாவை அவர் வேறு எங்கேயாவது ஒளித்திருப்பார்.

டப்பாவுக்குள் இருந்தது காப்பியல்ல, புழு. வீட்டில் வடிகட்டி மிஞ்சிய காப்பிச் சக்கையைப் படுக்கையாகப் போட்டு, அதற்குள் தோட்டத்து மண்புழுக்களைக் குடிவைத்து, ஒரு தைரியத்துக்காக எடுத்து வந்திருந்தார்.

தைரியம் எதற்கு என்று கேட்டால், குடிலின் வாசலுக்கு மேலே தொங்கிய பலகையைக் காட்ட வேண்டும். 'இங்கே ஈ மட்டும்' என்று அதில் செதுக்கியிருந்தது. இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றிச் செய்த பொய் ஈயைத் தண்ணீரின் மேல் மிதக்கவிட்டு டிரவுட் மீனை ஏமாற்றினால் அது கண்ணியம். மீன் ஆசையோடு தின்னக்கூடிய நிஜப் புழுவைக் கொடுத்தால் அது மோசடி. இந்தத் தர்மம் ஓஸ்முண்டுக்கு ஒருநாளும் முழுசாக விளங்கியதில்லை. ஆனாலும் புழு போடுகிறவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்கில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அவர் கடலோரத்து பெர்கனிலிருந்து வேலை மாற்றலாகி வந்தவர். நகராட்சியில் குடிநீர் சோதிக்கும் வேலை. வந்து பல வருடங்களாகியும் ஊரில் அவருக்குப் பெயர் 'புதுசா வந்தவர்'தான். கோடையில் வெள்ளிக்கிழமை வந்தால் ஊரே யாராவது ஒருவரோடு சேர்ந்து மலைக்குப் போய்விடும். ஓஸ்முண்டும் அவர் மனைவி பெரித்தும் மட்டும் பால்கனியில் உட்கார்ந்து, போகிற வண்டிகளுக்குக் கையசைப்பார்கள். அப்படி இருக்கையில், ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்ன்ஸ்டைனின் குடிலில் நாலாவது கட்டில் காலியானது. அதில் படுத்திருந்த கப்பல் கேப்டன் போன குளிர்காலத்தில் காலமாகிவிட்டார். ஒரு முறை வந்து பாருங்கள், பொருந்தினால் பேசுவோம் என்று நீதிபதியே கூப்பிட்டனுப்பினார். பெரித் அன்று கேக் செய்தாள்.

அந்தக் கட்டில் இப்போது கண்ணுக்கு எதிரே, புது விரிப்பு போட்டு, ஜன்னலோரம் இருந்தது. டப்பா மேசைமேல் இருந்தது.

"அப்பாடா, புண்ணியவான் ஒருத்தர் காப்பி கொண்டுவந்திருக்கார்" என்றார் பல் மருத்துவர் ஹெல்கே. காப்பி கொண்டுவருவது அவர் பொறுப்பு. அவர் மறந்துவிட்டிருந்தார். ஏரிக்கு இந்தப் பக்கம் வந்து சேரும்வரை நீதிபதி அதற்காக அவரைத் திட்டிக்கொண்டே வந்திருந்தார்.

நீதிபதி டப்பாவை எடுத்து மூடியில் கைவைத்தார்.

"இப்ப வேணாம் சார்" என்றார் ஓஸ்முண்ட்.

"ஏன்?"

"மலையேறி வந்த காப்பி. கொஞ்சம் காத்தாட வைக்கணும். இல்லன்னா கசக்கும்."

இப்படி ஒரு விஷயத்தை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஓஸ்முண்டும் அந்த நிமிஷம்வரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் காப்பி விஷயத்தில் நீதிபதிக்கு எதையும் நம்பிவிடும் பலவீனம் இருந்தது. அவர் மரியாதையோடு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். ஓஸ்முண்ட் அதை அணைத்துக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போனார்.

அங்கே நின்று யோசித்ததில், புழுக்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, டப்பா கைதவறிக் கொட்டிவிட்டது என்று சொல்வதுதான் உத்தமம் என்று தோன்றியது. மாற்றுக்காக வைத்திருந்த கம்பளிக் காலுறை ஒன்று சட்டைப் பையில் இருந்தது. புழுக்களைப் பொறுக்கி அதற்குள் போட்டு, வாயை முடிச்சுப் போட்டுக் கொட்டகைப் படிக்கட்டின் ஓரத்தில் வைத்தார். சக்கையைக் கொட்டுவதற்காக டப்பாவைக் கவிழ்க்கப் போனபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"ஆறிடுச்சா?"

கரிபிடித்த கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நீதிபதி நின்றிருந்தார். ஓஸ்முண்ட் வாயைத் திறப்பதற்குள் டப்பா கைமாறிவிட்டது. உள்ளே இருந்தது முழுவதும் அப்படியே கொதிக்கும் தண்ணீருக்குள் போயிற்று.

நாலு கோப்பைகளிலும் காப்பி ஊற்றப்பட்டது. ஓஸ்முண்ட் தன் கோப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் குடிப்பதைப் பார்க்க அவருக்கு முகமில்லை. நீதிபதி ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடினார்.

"மண்வாசனை அடிக்குது" என்றார்.

ஓஸ்முண்டுக்கு உயிர் போய் வந்தது.

"இந்த மாதிரி காப்பி நான் குடிச்சதே இல்ல. இதுல ஒரு ஆழம் இருக்கு. எங்க வாங்கினீங்க?"

பெரித்தின் தங்கை கணவர் கப்பலில் வேலை செய்கிறார், ஜாவாவிலிருந்து அனுப்புகிறார் என்று ஓஸ்முண்ட் சொன்னார். பெரித்துக்குத் தங்கையே கிடையாது. பாதிரியார் இரண்டாவது கோப்பை ஊற்றிக்கொண்டார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையாருக்குக் கொடுக்கும் காப்பி ரொம்ப மட்டமாக இருப்பதாகப் புகார் வருகிறது, இதையே வரவழைத்துத் தர முடியுமா என்று கேட்டார். ஓஸ்முண்ட் முடியும் என்று தலையாட்டினார். வேறென்ன செய்வது? சபை முழுவதும் வரிசையாக நின்று புழுப் படுக்கையைக் குடிக்கும் காட்சி கண்ணில் வந்தது. தன் கோப்பையை ஒரே மூச்சில் குடித்தார். அதுதான் தனக்குத் தகுந்த தண்டனை என்று பட்டது.

கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கொடி கண்ணில் பட்டது.

வரும் வழியில் சதுப்பு நிலத்தைக் கடந்ததில் எல்லோருடைய காலுறைகளும் நனைந்திருந்தன. பாதிரியார் பிறருக்கு உதவி செய்யாமல் இருக்க முடியாத மனிதர். எல்லாவற்றையும் பிழிந்து வரிசையாகக் காயப்போட்டிருந்தார். கடைசியில், கொட்டகைப் படியில் கிடந்ததென்று அவர் எடுத்துவந்த, முடிச்சுப் போட்ட காலுறை ஒன்றும் தொங்கியது. நல்லவேளை, அதைப் பிழியவில்லை. ஆனால் சூடு ஏற ஏற அது லேசாக நெளிய ஆரம்பித்திருந்தது.

ஓஸ்முண்ட் எழுந்துபோய் அதைக் கொடியிலிருந்து உருவினார்.

"அது இன்னும் காயலையே தம்பி" என்றார் பாதிரியார்.

"கால் சில்லிட்டுப்போச்சு. போட்டுக்கறேன்."

"ஈரத்தோடயா?"

"எங்க பெர்கன்ல ஈரமாத்தான் போடுவாங்க. ரத்த ஓட்டத்துக்கு நல்லது."

பெர்கனில் வருஷம் முழுவதும் மழை என்பதால் இதையும் அவர்கள் நம்பினார்கள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வேறு வழியில்லாமல் ஓஸ்முண்ட் முடிச்சை அவிழ்த்துக் காலை உள்ளே விட்டார். உள்ளே நடந்ததை விவரிக்க வேண்டாம். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து ஹெல்கே, "என்னப்பா, மரத்துப்போச்சா? கொண்டா, தேய்ச்சு விடறேன்" என்று குனிந்தார். ஓஸ்முண்ட் அவசர அவசரமாகப் பூட்சை மாட்டிக்கொண்டு, மீன் கடிக்கிற நேரம் போய்விடும் என்று சொல்லித் தூண்டிலை எடுத்தார்.

"நல்லது" என்றார் நீதிபதி. "விருந்தாளி பிடிக்கிற மீன்தான் இன்னிக்கு வாணலியில முதல்ல விழணும். போன தடவை ஒரு இன்ஜினியர் வந்தார். பாவம், வெறுங்கையோட திரும்பினார்."

அந்த இன்ஜினியர் அதற்குப் பிறகு வந்தாரா என்று ஓஸ்முண்ட் கேட்டார். நீதிபதி தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

ஏரியைச் சுற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு பாறை உண்டு. ஒருவர் பாறையை மற்றவர் எட்டிப் பார்க்கக்கூடாது, அது அங்கே எழுதாத சட்டம். ஓடை ஏரியில் வந்து சேரும் இடத்தில் இருந்த கேப்டனின் பாறையை ஓஸ்முண்டுக்கு ஒதுக்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் பூட்சுக்குள் ஒரு நசநசப்பு. வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக ஒருநாளும் நடந்ததில்லை என்று நினைத்துக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்தார்.

பொய் ஈயை வீசிப் பழக அவர் குளிர்காலம் முழுவதும் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போயிருந்தார். அங்கே நன்றாகத்தான் விழுந்தது. இங்கே காற்று இருந்தது. முதல் வீச்சில் ஈ குட்டைப் புதரில் மாட்டியது. அடுத்ததில் தொப்பியில். அதை எடுத்துவிட்டு வீசியதில் கழுத்துப்பட்டையில். மீன்கள் ஏரி நடுவில் துள்ளித் துள்ளி விழுந்தன. வேண்டுமென்றே செய்கிற மாதிரி இருந்தது. வெயில் மலைக்குப் பின்னால் சாயத் தொடங்கியதும் ஓஸ்முண்ட் இனி யோசித்துப் பயனில்லை என்று பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து பூட்சைக் கழற்றினார்.

காலுறையை உருவிய வேகத்தில் புழுக்கள் எல்லாம் சிதறி ஓடையில் விழுந்து அடித்துக்கொண்டு போய்விட்டன. ஒன்றே ஒன்று மட்டும் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டு இருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மனசுக்குள் பெரித்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதை முள்ளில் குத்திப் போட்டார்.

முள் நனைந்ததுதான் தாமதம், தூண்டில் வில்லாக வளைந்தது.

அவர் தன்னையறியாமல் கத்திவிட்டார். மூன்று திசையிலிருந்தும் மூன்று பேர் ஓடிவந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் மீன் கரைக்கு வந்துவிட்டது. பழுப்பு உடம்பில் சிவப்புப் புள்ளிகள், முழங்கை நீளம், நல்ல கொழுத்த டிரவுட். முள்ளை அது தொண்டைவரை விழுங்கியிருந்தது. ஓஸ்முண்ட் நூலைச் சட்டென்று அறுத்தார்.

"இந்த ஏரியில இவ்ளோ பெருசு பார்த்து எத்தனை வருஷமாச்சு" என்றார் நீதிபதி. மீனைக் கையால் அளந்து பார்த்தார். "என்ன ஈ போட்டீங்க?"

"சொந்தமாக் கட்டினது சார்."

நீதிபதி அவரைக் கட்டிக்கொண்டார். அந்த ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கட்டிக்கொள்வதில்லை. ஜன்னலோரக் கட்டில் இனி உங்களுடையது, கேப்டன் இருந்திருந்தால் அவரே சந்தோஷமாக எழுந்து கொடுத்திருப்பார் என்றார். ஹெல்கே முதுகில் தட்டினார். பாதிரியாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓஸ்முண்டுக்கும் கலங்கியது, ஆனால் காரணம் வேறு. இவ்வளவு வருஷம் காத்திருந்த வார்த்தையைக் காதில் கேட்ட நேரத்தில் பூமிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

குடில் வாசல் மேசையில் மீனை வைத்தார்கள். ஓஸ்முண்ட் தானே சுத்தம் செய்துவிடுவதாகக் கத்தியை எடுத்தார்.

"வெள்ளைத் தட்டு?" என்று பாதிரியார் ஞாபகப்படுத்தினார்.

விருந்தாளி பிடித்த முதல் மீனின் இரைப்பையை எல்லோர் முன்னிலையிலும் வெள்ளைத் தட்டில் பிரித்துப் பார்ப்பது கேப்டன் ஏற்படுத்திய சடங்கு. மீன் என்ன தின்கிறது என்று தெரிந்தால் நாளைக்கு எந்த ஈயைப் போடலாம் என்று தெரியும். விருந்தாளிகள் யாரும் மீனே பிடிக்காததால் அது விட்டுப்போயிருந்தது.

"பசிக்குது, அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றார் ஹெல்கே.

"அதானே" என்றார் ஓஸ்முண்ட், தேவைக்கு மேல் உரக்க.

நீதிபதி ஒரு கணம் தயங்கினார். பிறகு, "சட்டம் சட்டம்தான்" என்று சொல்லி, தானே கத்தியை வாங்கி அறுத்தார்.

தட்டில் ஈ இல்லை, எறும்பு இல்லை, வண்டு இல்லை. கொழகொழவென்று ஒரு கை நிறையப் புழு. சில பாதி கரைந்திருந்தன, சில இன்னும் முழுசாக இருந்தன. ஓடையில் சிதறியதையெல்லாம் இந்த ஒரே மீன் உட்கார்ந்து தின்று தீர்த்திருக்கிறது என்று ஓஸ்முண்டுக்குப் புரிந்தது.

நீதிபதியின் முகம் வெளுத்துப்போனது. ஹெல்கே தொண்டையைக் கனைத்துவிட்டுத் தன் பூட்சைப் பார்த்தார். பாதிரியார் வானத்தைப் பார்த்தார். கண்ணியவான்களை இப்படி ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோமே என்று ஓஸ்முண்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"எல்லாம் என்னோடதுதான்" என்றார். "நான்தான் புழு போட்டேன். மன்னிச்சிடுங்க."

நீதிபதி நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"எல்லாமேயா?" என்று ஹெல்கே கேட்டார்.

"எல்லாமே."

ஆரம்பித்த பிறகு ஓஸ்முண்டால் நிறுத்த முடியவில்லை. டப்பாவைச் சொன்னார், காலுறையைச் சொன்னார், பெரித்துக்குத் தங்கை இல்லை என்பதைச் சொன்னார். காப்பி விஷயத்தை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஹெல்கே கொட்டகைக்குப் பின்னால் ஓடினார். இரண்டு கோப்பை குடித்த பாதிரியார் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஹெல்கே வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்ததும் மூன்று பேரும் தனியாகப் போய்ப் பேசினார்கள். வந்து நீதிபதி தீர்ப்புச் சொன்னார். காப்பியைக்கூட மன்னித்துவிடலாம், வயிறு ஆறிவிடும். ஆனால் புழுவை மன்னிக்க முடியாது. இந்தக் குடிலுக்கு என்று ஒரு மானம் இருக்கிறது. ஹெல்கே இன்னும் ஒரு படி மேலே போய், தூண்டிலையே தொடாமல் இருப்பது நல்லது என்றார். பாதிரியார் மட்டும், கடவுள் மன்னிப்பார், ஆனால் கட்டில் கொடுக்க முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார்.

ஓஸ்முண்ட் பையைக் கட்டினார். பெரித்திடம் என்ன சொல்வது என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. திங்கட்கிழமைக்குள் ஊர் பூராவும் தெரிந்துவிடும். இனிமேல் 'புதுசா வந்தவர்' என்ற பெயரும் போய் 'புழுக்காரர்' ஆகிவிடுவார். வெள்ளிக்கிழமைகளில் பால்கனியில் உட்காரவும் முடியாது.

அந்த நேரம் இங்குன் என்பவள் படகில் வந்தாள். ஏரிக்கு அக்கரையில் கோடைக்கு மாடு மேய்க்கும் பெண். மதியம் அவர்களைப் படகில் கொண்டுவந்து விட்டவளும் அவள்தான். மீனோடு சேர்த்துச் சாப்பிடப் புளித்த கிரீமும் தட்டை ரொட்டியும் கொண்டுவந்திருந்தாள். தன்னை அக்கரையில் விட முடியுமா என்று ஓஸ்முண்ட் குனிந்த தலையோடு கேட்டார்.

"ஏன், மீன் சாப்பிடாமயா போறீங்க? உடம்பு சரியில்லையா?"

ஓஸ்முண்ட் பையின் வாரை இறுக்கினார். நீதிபதிதான் முன்னால் வந்து, நடந்ததை அவளுக்கு விளக்கினார். சுருக்கமாகச் சொல்லவில்லை. பலகையைக் காட்டினார், கேப்டனின் நினைவைக் குறிப்பிட்டார், கண்ணியம் என்ற வார்த்தையைப் பலமுறை சொன்னார். மற்ற இருவரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்கள். இங்குன் கிரீம் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பாமல் ஓஸ்முண்டையே பார்த்துப் பேசினாள்.

"இவங்க மூணு பேரும் வருஷக்கணக்கா எங்கிட்டதாங்க புழு வாங்குறாங்க. மத்த ரெண்டு பேருக்கும் தெரியக்கூடாதுன்னு ஒவ்வொருத்தரும் தனித்தனியா சத்தியம் வாங்கியிருக்காங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு மட்டும் யாரும் சொல்லல."